ராஜம் திருத்திய கடல்

ஞாயிற்றுக்கிழமை காலை, பர்மாவில் எங்கள் பேட்டையான பபேடானில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜத்தின் தம்பி முருகையா குடையை மடக்காமலே எங்கள் வாசலில் நின்றார். "கோ காசிம், அக்கா போயிட்டாங்க" என்றார். மாதக்கணக்கில் நோயோடு போராடியவர்தான். ஆனாலும் குடையை வாங்கப் போன நான் அவரோடு மழையிலேயே நின்றுவிட்டேன்.

பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் எங்களோடு இருந்தவர்களுக்கு ராஜத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். துறைமுகத் தொழிலாளியின் மகள். அரசு உதவித்தொகையில் ரஷ்யா போய், வடமேற்கே ஏரிகள் நிறைந்த கரேலியாவின் பசால்ட் பாறைகளை ஆராய்ந்தவர். ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த எரிமலைக்குழம்பு உறைந்து உண்டான பாறைகள் அவை. மேலடுக்குப் பாறை தலையணைகளை அடுக்கியதுபோல் இருக்கும்; தண்ணீருக்குள் உறைந்ததன் அடையாளம் அது. கீழடுக்கும் கடலுக்கடியில் உறைந்ததுதான் என்று வாதிட்டு ராஜம் பட்டம் வாங்கினார்.

ஊர் திரும்பித் துறையில் ஆசிரியையான பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. கீழடுக்கின் மேல்விளிம்பில் எடுத்த ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பார்க்காமல் விட்டிருந்தார். பார்க்கலாம் என்று எடுத்தபோது, அரசை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய எண்பத்தெட்டாம் ஆண்டு வந்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது, துறையின் நுண்ணோக்கி பூட்டிய அறைக்குள் கிடந்தது.

"கதவு தொறக்கட்டுமே, மா ராஜம்" என்றேன். அவர் என்னைக் 'கோ' என்பார், நான் அவரை 'மா' என்பேன்; அண்ணன், அக்கா என்று மரியாதையாக அழைக்கும் பர்மிய முறை அது.

"அது தொறக்கறப்ப தொறக்கட்டும். எனக்குக் கை இருக்கே."

பசுந்தாங் பேட்டையின் பட்டறை ஒன்றில் சாணைப்பொடி வாங்கி வந்தார். நுண்ணோக்கியில் பார்க்க, ஒளி ஊடுருவும் அளவுக்குக் கல்லைச் சீவல்போல் மெலிதாக்க வேண்டும். வீட்டில் கண்ணாடிப் பலகை மேல் பொடியைத் தூவி, தண்ணீர் விட்டு, கையாலேயே தேய்த்தார். கீழ்வீட்டுப் பர்மியக்கார அம்மாள் டோ ஏ மாடியேறி வந்து, "விடிஞ்சா பொழுதுபோனா என்னம்மா அரைக்கிறே, மசாலாவா?" என்று கேட்டார். முதல் சீவல் முக்கால்வாசி தேய்ந்த நிலையில் பொடிந்துபோனது. ராஜம் கையைக் கழுவிவிட்டு, மிஞ்சிய துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி ஒன்று இரவல் கிடைத்தது. பாறையின் கனிமங்களைப் பிரித்தறிய அது மட்டும் போதாது; கூசும் ஒளியைத் தடுக்கும் குளிர்கண்ணாடியின் வில்லைகள் இரண்டு வேண்டும். என் அண்ணன் பபேடானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

"நல்ல கண்ணாடிம்மா. வெட்டிட்டா அப்புறம் மூக்குல மாட்ட முடியாது."

"மூக்குக்கு இல்ல காக்கா, கல்லுக்கு" என்றார் ராஜம், நான் அண்ணனை அழைக்கும் முறையிலேயே.

அண்ணன் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

மின்சாரம் இல்லாத ஒரு முற்பகல். மாடி முகப்பில் நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ராஜம் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். சீவலின் விளிம்பெங்கும் செந்துரு. சூடு ஆறுமுன் காற்றுப் பட்டு இரும்பு சிவந்திருந்தது. அந்தக் குழம்பு திறந்த நிலத்தில் வழிந்திருக்கிறது.

"கடல் பின்னால வந்திருக்கு, கோ காசிம். நான் முன்னாலேயே கொண்டுபோய் வச்சிட்டேன்."

அன்றே ரஷ்யப் பேராசிரியருக்கு எழுதப் போவதாகச் சொன்னார். நான் பயந்துபோனேன். "யாருக்குத் தெரியப்போவுது? பட்டத்தைப் பிடுங்கிட்டா வேலையும் போயிடும்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

பதில் வர வெகுகாலம் ஆனது. அதுவரை அவர் சரியாகத் தூங்கவில்லை என்று முருகையா பின்னால் சொன்னார். கடைசியில் அங்கிருந்தவர்கள் அந்தப் பாறைக்கே போய்ப் பார்த்து, ராஜத்தின் திருத்தம் சரிதான் என்று எழுதினார்கள். பட்டம் அவரிடமே இருந்தது.

வகுப்புகள் திரும்பத் தொடங்கியபோது துறைக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச எழுந்தார். "இந்த ஆய்வேட்டை எழுதியவர் தவறு செய்திருக்கிறார். எழுதியவர் நான்" என்று தொடங்கினார். பேசி முடித்ததும் ஒரு மாணவி, ஆசிரியையை 'ஸயாமா' என்று விளித்து, பர்மிய மொழியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஸயாமா, இதைச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

"வெட்கம்தான்" என்றார் ராஜம். "அதற்காக, இல்லாத கடலை அங்கேயே விட்டுவிட முடியுமா?"

வெட்கம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வெட்கத்தோடேயே எழுந்து நின்றார். நான் நினைவில் வைத்துக்கொள்வது அப்படி நின்ற ராஜத்தைத்தான்.