அப்பா ஏறினால் அலறும் வண்டி

எட்டாவதோடு பள்ளியை விட்டபின் எத்தனையோ வண்டிகளில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிழைத்திருக்கிறேன். ஒரு ஆளை மட்டும் வெறுத்த வண்டியை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அது எங்கள் வண்டி. அது வெறுத்த ஆள் அப்பா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் அப்பா. அந்த வேலை போனதும் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். ஜவளகிரியில் முட்டைக்கோஸ் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டில் இறக்குவார். வண்டி ஓடாத வாரங்களில் வீட்டில் மூன்று வேளையும் ரசம்தான். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். மூட்டை இறங்கும்வரை இருவரும் புளியங்கொட்டை வைத்து ஒற்றையா இரட்டையா ஆடுவோம். அப்பா என் உள்ளங்கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் தோற்பார். எனக்கு அது தெரியும். தெரிந்தே ஜெயிப்பேன்.

நான் நான்காவது படிக்கும்போது வண்டிக்கு அந்தக் கோளாறு வந்தது. வண்டி ஓடாமல் நிற்கும்போது மெதுவாக உறும வேண்டிய எஞ்சின், யாரோ ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் கத்தியது. சிக்னலில் முன்னால் நிற்பவர்கள் திரும்பி முறைப்பார்கள்.

தளி ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் போனோம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ், துருப்பிடித்த நட்டிடம் மட்டும் கன்னடம். நிற்கும்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் ஸ்குரூவைக் குறைத்துப் பார்த்தார், அடுத்த நாள் காலையில் எஞ்சின் ஓட மாட்டாமல் அணைந்து அணைந்து போனது. பழையபடி ஏற்றி வைத்தார். ஆக்சிலேட்டர் கேபிளை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். அவரே ஏறி உட்கார்ந்து ஓட விட்டால் வண்டி பூனை மாதிரி இருந்தது. அப்பா ஏறியதும் சிறிது நேரத்தில் அலற ஆரம்பித்தது.

"நான் உக்காந்தா கம்முனு கீது. நீ உக்காந்தா கத்துது. ஊட்ல எதனா சண்டையாண்ணா?"

"அவ கூட இப்படிக் கத்த மாட்டாப்பா" என்றார் அப்பா.

பாக்கி இருந்தது டீசல் பம்பு மட்டும்தான். கழற்றிச் சேலத்துக்கு அனுப்பினால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அதுவரை முட்டைக்கோஸ் காத்திருக்காது. பர்கூரில் கல் குவாரி வைத்திருந்த ஒருவர் அடிமாட்டு விலைக்கு வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. அம்மா வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலை, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் கூப்பிட்டார். பானெட்டுக்குள் தலையை விட்டபடி அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பக்கத்து சீட்டில் நான் கமர்கட்டு சப்பிக்கொண்டிருந்தேன். அது வாயிலிருந்து நழுவிக் கீழே உருண்டது. எடுக்கக் குனிந்தபோது அப்பாவின் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பின் ஓரம் ஆக்சிலேட்டர் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"கால எடுண்ணா" என்று வெளியிலிருந்து மெக்கானிக் கத்தினார்.

"எடுத்தாச்சுப்பா. எத்தன மட்டம் சொல்ல?"

அப்பா என்னை எதற்கும் அடித்ததில்லை, பொய்க்கு மட்டும் அடிப்பார். அதனால் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

"அப்பா பொய் சொல்றாரு. காலு அது மேலதான் இருக்குது."

"ஏட்டி, சும்மா கெட. கால் தரையிலல்லா இருக்கு."

நான் இரண்டு கையாலும் குதிகாலைப் பிடித்துத் தூக்கினேன். எஞ்சின் அடங்கியது. அப்பா அப்போதுதான் குனிந்து பார்த்தார். திரும்ப வைத்தேன், அலறியது. தூக்கினேன், அடங்கியது. நான்கைந்து முறை செய்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பி அணைத்தார். "அண்ணா, உனக்கு சர்க்கர கீதா?"

"இருக்குன்னு சொன்னாவ. மாத்திரைய இடையில விட்டுட்டேன்."

"காலு மரத்துப் போயிக்கீதுண்ணா. வண்டிக்கு ஒண்ணுமில்ல."

மெக்கானிக்கே வண்டியை ஓட்டி எங்களை வீட்டில் விட்டார். பர்கூர்காரரை வர வேண்டாம் என்று அப்பா போனில் சொன்னார். வண்டியைக் காப்பாற்றியது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். கால்களை நீட்டி உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். "ஒவ்வொரு விரலாத் தொடு பிள்ள. எந்த விரல்னு நான் சொல்லுதேன்."

கட்டை விரலைத் தொட்டேன். சிறிது நேரம் கழித்து, "சுண்டு விரல்" என்றார். நடுவிரலைத் தொட்டேன். "இன்னும் தொடலியே" என்றார். கையை எடுத்துவிட்டு, "இப்போ?" என்றேன். "கட்ட விரல்." ஒன்றுகூடச் சரியில்லை. எண்ணி எண்ணிக் கை தட்டினேன். வாசற்படியில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டாள்.

பத்து விரலும் முடிந்தபோது எனக்கே அலுத்துவிட்டது. "ஒரு தடவையாச்சும் நெஜமா ஆடுப்பா" என்றேன்.

"நெசமாத்தாம்ட்டி ஆடுதேன்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

காலையில்தான் அவருடைய பொய் ஒன்றைப் பிடித்திருந்தேன். அதனால் நான் நம்பவில்லை.