பாக்கியம் சின்னம்மா சொல்ல வந்தது

பகாவ் ஊரிலிருந்து பாக்கியம் சின்னம்மாவின் மகன் குமரன் காலையில் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க சார்." நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். "படத்துல வர்ற அந்த நல்ல மனசுக்காரி இவங்கதான்லா" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையை வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பாக்கியம் சின்னம்மாவை உங்களில் பலர் அந்தப் படத்தின் வழியாகத்தான் அறிவீர்கள். படத்தை என் சிறுகதையிலிருந்து எடுத்தார்கள். கதையை நான் என் அம்மாவிடமிருந்து எடுத்தேன். வெள்ளைக்காரர் ஆட்சி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், லாபு ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அம்மா பால்மரம் வெட்டினார். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாதென்று, கம்பிவேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். விடிகாலையில் கேட்டருகே பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அவர்களைத் தடவிச் சோதிக்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெண்தான் சின்னம்மா.

வயதான காலத்தில் அம்மாவுக்கு நினைவு தப்பியது. ராசா பகுதியில் இருந்த எங்கள் வீட்டில், வாசல் கேட்டைக் கண்டாலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார். என் கதையில் வரும் மகன் அந்தக் கைகளை மெல்ல இறக்கி அம்மாவை அணைத்துக்கொள்கிறான். அவன் நானல்ல. அக்கம்பக்கம் பார்க்கிறதே என்று வெட்கப்பட்டு, அம்மாவைத் தரதரவென்று உள்ளே இழுத்துப்போய்க் கதவைப் பூட்டியவன் நான். சோதனைக்காரியைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதினேன். அதற்கும் யாரையும் கேட்கவில்லை. கதைக்குக் கிடைத்த பாராட்டுக்குக் குறைவில்லை.

ஞாயிறு பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார் சின்னம்மா. "நீ எழுதின கல்நெஞ்சுக்காரி நான்தான் தம்பி. அக்காவைப் பாக்கணும்." சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அன்றும் அம்மா கேட்டருகே கை தூக்கி நிற்க, நான் வழக்கம்போல் இழுக்கப் போனேன்.

"விடு தம்பி. சோதிக்காம அது எப்படிப் போகும்?"

சின்னம்மா அம்மாவின் இடுப்பையும் கொண்டையையும் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லக்கா, போங்க." அம்மா கைகளை இறக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டித் தெருவில் நடந்தார். கதவுக்குப் போட்டிருந்த பூட்டை நான் எடுத்துவிட்டது அதற்குப் பிறகுதான்.

படம் எடுத்த பிள்ளைகள் சின்னம்மாவையும் தேடிப்போய்ப் பேசினார்கள். ஆனால் அவர்கள் காட்டியது வேறு. சோதனைக்காரியின் விரல்களில் சோற்றுப் பொட்டலம் தட்டுப்படுகிறது. அவள் எதிரே நிற்கும் கர்ப்பிணியின் முகத்தைப் பார்க்கிறாள். ஒன்றும் தெரியாததுபோல் விட்டுவிடுகிறாள். கதையைவிடப் படம் மேல் என்று எனக்கே பொறாமையாக இருந்தது. சிரம்பானில் திரையிட்ட நாளில் சின்னம்மாவை நான்தான் காரில் அழைத்துப்போனேன். முன்பே அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். வழியில் பேச்சை எடுத்தார்.

"நான் விடல தம்பி. ஒங்கம்மா அப்ப முழுகாம இருந்துச்சு. நீதான் வயித்துல. பசிக்குமேன்னு மடியில ஒரு உருண்டை சோறு. நான் அதை எடுத்து எல்லாரும் பாக்கக் கீழ கொட்டினேன். வேலை போயிடும்னு பயம். அது என்னைத் திட்டல. மண்ணுல கெடந்த சோத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

பிறகு அவரே, "நீ என்னை அரக்கியாக்கின. இந்தப் பிள்ளைங்க சாமியாக்கிட்டாங்க. பயந்தாங்கொள்ளி ஒருத்தி நின்னாளே, அவளை யாரும் காட்டல" என்றார்.

படம் முடிந்ததும் மண்டபமே எழுந்து கைதட்டியது. எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தியதும் சின்னம்மா, "மைக்கைக் குடுங்க, ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன். "வேணாம் சின்னம்மா, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்று காதருகே சொன்னேன். யாருடைய சந்தோஷத்துக்காகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மைக்கை வாங்காமலே இறங்கிப்போனார்.

உடலை எடுக்கும் முன் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் குமரன். தொண்டை சரியில்லை என்று தப்பித்துக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். சின்னம்மாவுடையது என்று என்னிடம் இருப்பது, அன்று மேடையில் சொல்வதற்காகக் காரிலேயே அவர் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தைகள்தான்:

"படத்துல வர்ற நல்லவ நானில்லைங்க. நான் வயித்துப்பிள்ளைக்காரி சோத்தைக் கீழ கொட்டினவ. அந்தப் பிள்ளை இங்கதான் நிக்குது. அது முன்னால சொல்லணும்னுதான் வந்தேன்."