எதிர்வீட்டுக் கற்றாழை

ஹேமாவதி அக்காவுக்குக் கெட்ட கண்ணாம். எங்கள் மாடம்பாக்கம் குடியிருப்பில் இந்தப் பேச்சு இரண்டு மாதம் மாடிப்படி ஏறி இறங்கியது. நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வை. அரிசியில் வண்டு, கீரையில் புழு என்று பார்த்தே இருபது வருடம் ஓடிவிட்டது. வீட்டு வாசலில், இரண்டாம் மாடி வராந்தாவில், எழுபது தொட்டிகள். எல்லாம் சக்குலென்ட், தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் செடிகள். யாராவது அடித்தண்டு கறுத்துக் கொழகொழத்த செடியைக் கொண்டுவந்தால், "இது நோயே இல்ல, தினம் தண்ணி ஊத்துற உங்க பாசம்" என்று திட்டுவார். பிறகு அழுகலுக்கு மேலே நறுக்கி, நிழலில் நாலு நாள் காயவைத்து, நட்டும் கொடுப்பார்.

எதிர்வீடு தையல்நாயகி அம்மாளுடையது. இந்தக் கட்டடம் நிற்கும் இடம் அவர்கள் வயலாக இருந்ததாம். அதனால் குடியிருப்போர் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பேரன் பிறந்ததும் திருஷ்டிக்காக வாசலில் ஒரு கற்றாழையை வேர் மேலும் இலை கீழுமாகக் கட்டித் தொங்கவிட்டார். ஆறு மாதத்தில் அது மஞ்சளித்துச் சுருங்கியது.

அக்கா ஒருநாள் நிமிர்ந்து பார்த்தார். இலை இடுக்குகளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை. கயிற்றில் எறும்புச் சாரை.

"மாவுப்பூச்சிம்மா. சாறெல்லாம் உறிஞ்சிடும். எறும்பு அதைப் பக்கத்துச் செடிக்கும் தூக்கிட்டுப் போகும். இறக்கிக் குடுங்க, சுத்தம் பண்ணித் தர்றேன்."

தையல்நாயகி அம்மாள் பதிலை அக்காவுக்குச் சொல்லவில்லை. உள்ளே இருந்த மருமகள் வினிதாவுக்கு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "பூச்சியாம் பூச்சி! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? புள்ளகுட்டி இல்லாதவ எதுருல குந்திகினு இங்கயே பாத்துகினு கீறா. கத்தாழ வாடாம இன்னா பண்ணும்?"

அதுவரை அந்தக் குழந்தை பாதி நேரம் அக்காவின் இடுப்பில்தான் இருந்தான். அன்றிலிருந்து அக்காவைக் கடக்கும்போது அவன் முகத்தில் துண்டு போட்டு மூடினார்கள். என்ன அநியாயம் இது!

சொன்னபடியே பூச்சி அக்காவின் தொட்டிகளுக்கும் வந்தது. பதினோரு தொட்டிகளைத் தனியே ஒதுக்கினார். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் காது குடையும் பட்ஸை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டார். வெயில் தாழ்ந்ததும் வேப்பெண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீர் தெளித்தார். வேர்வரை வெள்ளை படர்ந்த மூன்றை மண்ணோடு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போன நேரம் வினிதா வந்தாள். "அக்கா, கத்தாழையை இறக்கித் தர்றேன். அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது." அக்கா வாக்குக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இப்படி நாலு வெள்ளிக்கிழமை இறக்கி, பூச்சி எடுத்து, பழையபடி தலைகீழாகவே கட்டினோம். பிறகு தங்கைக்கு ஆபரேஷன் என்று அக்கா இரண்டு வாரம் அனகாபுத்தூர் போய்விட்டார்.

அந்த இரண்டு வாரத்தில் கற்றாழை பச்சை பிடித்தது. நடுவில் புதுக்குருத்து கூட விட்டது.

தையல்நாயகி அம்மாள் மாடி மாடியாக ஏறி இறங்கினார். "பாத்தியா? அவ அந்தாண்ட போனா, இது துளுத்துக்கிச்சு!"

வைத்தியம் பார்த்தவர் தலையிலேயே குற்றம். சங்கத் தலைவர் ராஜகோபாலன், படித்த மனுஷர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அதற்கும் தலையாட்டினார். வராந்தாத் தொட்டிகளால் பூச்சி பரவுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்றவும் என்று நோட்டீஸ் ஒட்டினார். பூச்சி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வினிதா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "வாக்குக் குடுத்துட்டேன், நீயும் பேசாதே" என்று ஊர் திரும்பிய அக்கா சொன்னதை நானும் சாக்காக வைத்துக்கொண்டேன். வாயில் கொழுக்கட்டைதான்.

ஞாயிறு காலை அக்கா இரண்டிரண்டு தொட்டியாகக் கீழே இறக்க ஆரம்பித்தார். தையல்நாயகி அம்மாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். மூன்றாவது நடைக்கு அக்கா குனிந்தபோது, வினிதா குழந்தையோடு வெளியே வந்தாள். முகத்தில் துண்டு இல்லை. நேராக வந்து அவனை அக்காவின் இடுப்பில் வைத்தாள்.

"புடிங்கக்கா. தொட்டிய நான் தூக்கறேன்."

"அடியே, புள்ளய வாங்குடி!"

"மாட்டேன் அத்த. கத்தாழைய நான்தான் இறக்கிக் குடுத்தேன். நாலு வாரமா அதுல பூச்சி எடுத்தது இவங்கதான். இந்த அக்காவும்தான் கூட இருந்தாங்க, கேளுங்க" என்று என் வாசலில் நின்ற என்னைக் காட்டினாள்.

"கையெல்லாம் வேப்பெண்ணெய்ம்மா" என்றார் அக்கா. அதற்குள் அழுதுவிட்டார். கைகளைப் பின்னுக்கு விலக்கி, முழங்கையாலேயே குழந்தையை அணைத்துக்கொண்டார்.

வினிதா கீழே போய், இறக்கிய தொட்டிகளை மறுபடி மேலே சுமந்துவந்தாள். இத்தனை நாள் இந்த வாய் எங்கேடி போயிருந்தது என்று அவளைக் கேட்க நாக்குத் துடித்தது. என் வாய் எங்கே போயிருந்ததாம்? பேசாமல் படியிறங்கிப் போய் நானும் ஒரு தொட்டியைத் தூக்கினேன்.