டேட்டா போன வழி

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு மட்டுமே ஏறும் பாதையில் மூசாவின் ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. பறித்த காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற இடம். அதன் அலுவலகம் செல்லக்கிளியின் பொறுப்பு. சிலமலைக்காரி, முப்பத்தாறு வயது. வேலைக்கு வந்த முதல் வாரமே மக்கர் செய்த பிரிண்டரைப் பிரித்துப் போட்டு, யாரையும் கேட்காமல் ஓடவைத்தவள்.

கூரைமேல் ஆன்டெனா, அதற்குக் கீழே சிம் போட்ட ரவுட்டர், மாதம் நூறு ஜி.பி. இதுதான் ஸ்டோருக்கு இன்டர்நெட். மூன்று மாதமாக அது பாதியிலேயே தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்துவிட்டால் தரம் பிரித்த காயின் படங்களை வியாபாரிகளுக்கு அனுப்ப முடியாது.

போடி கடையிலிருந்து மூசா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"காசிமாயன்தான் ஆத்தா. அங்கயே கெடக்கான், படம் பாத்தே தீத்துருவான். பாஸ்வேர்டை மாத்து."

மாற்றினாள். உலர்த்தும் அறையைக் கவனிக்கும் காசிமாயன் சண்டைக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் பவித்ராவோடு தினமும் சாயங்காலம் முகம் பார்த்துப் பேசுவார், அது நின்றுபோனது.

"நான் படமே பாக்குறதில்ல தாயி" என்று மட்டும் சொன்னார்.

"நீங்க சொல்றதையும் பாய் சொல்றதையும் சும்மா எதுக்குண்ணே நம்பணும்? எண்ணிப் பாத்துருவோம்" என்றாள் செல்லக்கிளி.

டேட்டா கணக்கு காட்டும் மென்பொருள்களைத் தேடினால் டஜன் கணக்கில் வந்தன. முதலில் போட்டது அழகழகாகப் படம் வரைந்தது. ஆனால் அதற்குத் தெரிந்தது அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும். இரண்டாவது, மாதம் என்றால் ஒன்றாம் தேதிதான் என்று அடம்பிடித்தது. ஸ்டோரின் பிளானோ பன்னிரண்டாம் தேதி புதுப்பிக்கிறது. அதையும் தூக்கினாள். மூன்றாவது, ரவுட்டரையே கேட்டு, அதில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகச் சொன்னது. உடனே நம்பிவிடவில்லை. அளவு தெரிந்த ஒரு வீடியோவை இறக்கிப் பார்த்தாள். எண் அப்படியே பொருந்தியது. "இது சோலிக்கு ஆகும்" என்று வைத்துக்கொண்டாள்.

நான்கே நாளில் விஷயம் தெரிந்தது. பெயரில்லாத ஒரு கருவி, வெறும் எண்ணாக, பதினாறு ஜி.பி. தின்றிருந்தது. காசிமாயனுக்குப் பாஸ்வேர்டே இல்லாத நான்கு நாள்!

மறுநாள் காலையில் அந்தக் கணக்கைத் தன் போனில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வந்தாள். தன் கம்ப்யூட்டரை அணைத்தாள், பெயரில்லாத கருவியின் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. பிரிண்டரை அணைத்தாள், அப்போதும் ஏறியது. உலர்த்தும் அறைக் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினாள். சட்டென்று நின்றது.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. மூசா.

"என்ன ஆத்தா, கேமரா கட்டாயிருச்சே?"

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க பாய்?"

"கடை டிவியில காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடுதுல்ல? காய் காயிறதைப் பாக்கப் பாக்க மனசுக்கு ஒரு தெம்பு."

"அந்தத் தெம்புதான் பாய் ஒரு நாளைக்கு நாலு ஜி.பி. குடிக்குது."



"காசி பக்கத்துல இருக்கானா?" என்றார் மூசா. "வேணாம், போன்ல வேணாம். நான் நேர்ல வர்றேன்."

வியாழக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கியவர் அலுவலகப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக உலர்த்தும் அறைக்குப் போனார்.

"உன்னையத் தப்பாச் சொல்லிட்டேன் காசி."

காசிமாயன் ஒரு கைப்பிடிக் காயை அவர் உள்ளங்கையில் வைத்தார். "ஈரம் சரியா இருக்கான்னு பாருங்க பாய்" என்றார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

செல்லக்கிளி கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு போட்டு, பதிவெல்லாம் அதிலேயே தங்கும்படி செய்தாள். மூசா வேண்டும்போது ஐந்து நிமிடம் திறந்து பார்க்கலாம். அந்த மாதம் முடியும்போது முப்பது ஜி.பி. மிச்சம்.

பாஸ்வேர்டு திரும்பக் கிடைத்த சாயங்காலம், காசிமாயன் போனை அவள் பக்கம் திருப்பினார். திரையில் பவித்ரா.

"அக்கா, எங்க ஹாஸ்டல்லயும் மாசம் முடியுறதுக்குள்ள நெட்டு நின்னுருது. அந்த சாப்ட்வேர் பேரச் சொல்லுங்க."

"பேரு கெடக்கட்டும். ரவுட்டர் எந்த ரூம்ல இருக்குன்னு வெரசா போய்ப் பாத்துட்டு வா" என்றாள் செல்லக்கிளி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.