தோட்ட விலாசத்துக்கு வந்த கடிதங்கள்

சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்த மணியம் அண்ணன் போய்விட்டார். வாசலில் அதற்குள் உதவி கேட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழக்கூட நேரமில்லாமல் முதல் ஆளைக் கூப்பிட்டேன். அதற்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர் மம்பாவில் உங்களில் பலர் அவருடைய வேனில் ஏறியவர்கள். சனிக்கிழமைதோறும் மண்டபத்தில் நாங்கள் போடும் உதவி மேசையில், அரசாங்கச் சமூகநல உதவிக்கு விண்ணப்பப் பாரம் எழுதுவது என் வேலை. நடக்க முடியாதவர்களை அலுவலகத்துக்கு ஏற்றிப்போவது, முன்பு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டிய அவர் வேலை. தொடக்கத்தில் வாரத்துக்கு நான்கைந்து பேர் வந்தார்கள். இப்போது டயாலிசிஸ், பக்கவாதம், பிள்ளைகள் எட்டிப் பார்க்காத பெரியவர்கள் என்று மண்டபம் கொள்ளவில்லை. ஒருநாள் சலித்துப்போய், "மிச்சப் பேர் அடுத்த வாரம் வாங்க" என்றேன். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதுவரைக்கும் அவங்க என்னத்த திம்பாங்க? நீ வீட்டுக்குப் போம்மா, நான் எழுதுறேன் லா."

அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. நானே உட்கார்ந்து மிச்சப் பேருக்கும் எழுதினேன்.

நான் செய்த பெரிய தவறு வேறு. ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுத்த ஒருவருக்கு, அடையாளக் கார்டில் இருந்தபடியே தோட்ட விலாசத்தை எழுதிவிட்டேன். தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, எல்லோரும் அடுக்குமாடிக்கு வந்து வருடங்களாகின்றன. கார்டை மட்டும் பலர் மாற்றவேயில்லை. நேர்காணலுக்கு அழைத்த கடிதம் தோட்டத்துக் காவல் கொட்டகையில் கிடந்தது. ஆள் வரவில்லை என்று விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய், எல்லோர் கடிதங்களையும் வாங்கி வந்தார்.

"நம்ம ஆளுங்க இடம் மாறினது கவர்மெண்டுக்குத் தெரியாது. நாமதான் போவணும் லா" என்பார்.

அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனேன். அவர் வராத நாட்களின் கடிதங்களைக் காவலர் எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் அண்ணனின் பெயர். அவரும் கார்டை மாற்றவில்லை. மனைவிக்கு உதவி கேட்டு, எங்களுக்குத் தெரியாமல் அவரே விண்ணப்பித்திருக்கிறார். நேர்காணல் நாள் கடந்துபோயிருந்தது.

அண்ணி படுத்த படுக்கையாக இருப்பதை நான் சாவு வீட்டில்தான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது விசாரித்திருக்கலாம். கடிதத்தோடு போய், "அண்ணன் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் தங்கச்சி. அங்க ஏற்கெனவே கூட்டம் தாங்கல, நாமளும் போய் நிக்கணுமான்னுட்டாரு."

கட்டிலருகே உட்கார்ந்து புதுப் பாரம் எழுதினேன். அவருடைய வெள்ளிக்கிழமைகள் இனி என்னுடையவை. ஆனால் அவர் வந்து நிற்கக் கூச்சப்பட்ட அந்த வரிசை, "அடுத்த வாரம் வாங்க" என்று நான் நடத்திய வரிசை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவரையே தயங்க வைத்துவிட்டேனே என்ற வெட்கம்தான்.