மேடைக்கு வராத பெண்

கணக்கு டீச்சர் கணவரின் வேலைக்காக இந்த நாட்டுக்குக் குடிவந்தவர். முன்பு அவர் பாடம் நடத்திய ஊரில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கிடைத்தால் போதும், பள்ளிக்கூடமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும். இங்கே அவர் வேலைக்குச் சேர்ந்த வாரமே தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"யாரையும் தனியாத் தூக்கிப் பேசாதீங்க டீச்சர். மத்த பிள்ளைங்க வாடிப்போயிடும்."

திறமையைக் குழிதோண்டிப் புதைக்கிற பேச்சு என்று டீச்சருக்குப் பட்டது. ஆறாம் வகுப்பில் 'சுண்டெலி' என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். கணக்கைப் பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். டீச்சர் அவளைத் தினமும் எழுப்பி நிறுத்தி, "இவளைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். தலைமையாசிரியையிடம் மல்லுக்கட்டி, பெற்றோர் கூட்டத்தில் அவள் மனக்கணக்குப் போட்டுக் காட்டவும் சம்மதம் வாங்கினார்.

கூட்டத்தன்று அரங்கம் நிரம்பிவிட்டது. பெண்ணைக் காணோம். கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வர மறுக்கிறாள் என்று காவலாளி வந்து சொன்னார்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைத் தட்டினார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் மட்டும். கதவிடுக்கு வழியே தண்ணீர் வெளியே வந்து அவர் செருப்பை நனைத்தது.

"கதவை உடைச்சிடலாமா மேடம்?" என்றார் காவலாளி.

"இருங்க," என்றார் பின்னாலேயே வந்த தலைமையாசிரியை. அவர் முகம் வெளுத்திருந்தது.

பஸ் ஓட்டும் அவள் அம்மா, சீருடையோடு ஓடிவந்தார். "கண்ணு, அம்மா வந்திருக்கேன். திறடா."

"டீச்சர் போகட்டும்," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அம்மா திரும்பினார். "கொஞ்ச நாளா வீட்ல வேணும்னே தப்பாக் கணக்குப் போடறா டீச்சர். தப்பாப் போட்டாத்தான் எல்லாரும் என்கூடப் பேசுவாங்கன்னு சொல்றா."

டீச்சர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடை வேண்டாம்மா. வகுப்புலயும் இனிமே உன்னை எழுப்பமாட்டேன்."

உள்ளே குழாய் நின்றது.

"அப்ப கஷ்டமான கணக்கு குடுக்கமாட்டீங்களா?"

டீச்சர் தலைமையாசிரியையை நிமிர்ந்து பார்த்தார். "இது மட்டும் குடுத்துத்தான் ஆகணும் மேடம். பிள்ளை பசிச்சுக் கேக்குது."

தலைமையாசிரியை உடனே பிடி கொடுக்கவில்லை. பிறகு, "ஆர்ப்பாட்டமில்லாமக் குடுங்க" என்றார்.

தாழ்ப்பாள் விலகியது. சுண்டெலி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், டீச்சரைப் பார்க்கவில்லை. நனைந்த உடையோடு மேடையேறி, இன்று மனக்கணக்கு இல்லை என்று சொன்னவர் டீச்சர்தான். கூட்டம் முணுமுணுத்தது.

அதன்பின் வெகுநாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் தரும் கணக்கைப் போட்டு, மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் மட்டும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"இது ரொம்பச் சுலபம் டீச்சர்."