பெரியம்மா வளவில் விழுந்த ரொக்கெட்

அண்ணாவின் ரொக்கெட்டுக்கு நெருப்பே தேவையில்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கொஞ்சம் தண்ணீர், வாயை அடைக்கத் தக்கை, அதற்குள் சைக்கிள் டியூப் வால்வு, காற்றடிக்க அப்பாவின் பம்ப். பலகையில் போத்தலைக் கவிழ்த்துக் கொக்கியில் மாட்டி, காற்று இறுகியதும் நான் கயிற்றை இழுப்பேன். எங்கள் இருவரையும், பக்கத்தில் நிற்கும் அம்மாவையும் நனைத்துவிட்டு அது பனைக்கு மேலால் போய்விடும்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் போட்டிக்குத்தான் இந்தப் பாடு. மேலே போகும் ரொக்கெட் மைதானத்துக்குள்ளேயே விழவேண்டும் என்பது விதி. எங்களுடையதோ ஒவ்வொரு முறையும் வேலியைத் தாண்டிப் பெரியம்மா வளவில் போய் விழுந்தது.

பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. சண்டைக் காலத்தில் அம்மாவும் அப்பாவும் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள். நான் அங்கே முகாமில் பிறந்தவள். பெரியம்மா மன்னாரிலேயே தங்கிவிட்டார். அம்மம்மா செத்ததும், அடக்கம் செய்ததும் அவர் ஒருத்தியின் கைகளில். நாங்கள் திரும்பி வந்த கிழமையே பெரியம்மா, "அம்மா சாகேக்க நீ எங்கயடி இருந்தனீ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. ஒரே மாதா கோயிலில் ஒரே பூசைக்குப் போய், ஆளுக்கொரு பக்கமாக முழந்தாளிட்டார்கள். இரண்டு வளவுக்கும் இடையில் இருந்தது தென்னோலைக் கிடுகு வேலி ஒன்றுதான். பிள்ளைகள் நாங்கள் போய்வரத் தடை இல்லாததால், விழுந்த ரொக்கெட்டை எடுத்துவருவது என் வேலையாயிற்று.

முதல்தரம் போனபோது பெரியம்மா கருவாடு பரத்திய பாயின் பக்கத்தில் நின்றார். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, வாணமோ?" என்று கேட்டார். அடுத்த தரம், நேராகப் பறக்கவென்று வாலில் ஒட்டிய மட்டைச் செட்டைகளில் ஒன்று பிய்ந்திருந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் கிழித்து அவரே அதை ஒட்டிக் கொடுத்தார்.

"கொம்மாட்டச் சொல்லு, ஒரு செட்டை பாரம் கூட. அதுதான் இஞ்சால சரியுது."

நான் அப்படியே வந்து ஒப்புவித்தேன். அம்மா அந்தப் பிளாஸ்டரை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

"வேற என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை."

"சாப்பிட்டவவோ எண்டு கேட்டனீயோ?"

ரொக்கெட் எடுக்கப் போனவள் அதை ஏன் கேட்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அண்ணா செட்டைகளைக் கழற்றிச் சமமாக வெட்டினான். மூக்கில் களிமண் வைத்தான். தண்ணீரைக் கூட்டினான், குறைத்தான். சோளகக் காற்றைத் திட்டினான். எதற்கும் ரொக்கெட் மசியவில்லை. மண் இளகிப் பலகை ஆடுகிறது என்று அம்மா தொடங்கிய நாளிலேயே வந்து அதைக் காலால் மிதித்துக்கொண்டார். பின்னேர வெயிலுக்கு முற்றத்தில் இறங்காத அம்மா, அந்த வேலையை மட்டும் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணா அழுகிற நிலைக்கு வந்தபோதும், "இன்னொருக்கா விட்டுப்பாப்பம், வா" என்று அவர்தான் கூப்பிட்டார்.

போட்டிக்கு முதல்நாள் விட்டது வேலிக்கு மேலால் போனது. அந்தப் பக்கம் ஏதோ மொத்தென்று விழுந்தது. பிறகு, "ஐயோ!" என்ற சத்தம்.

அம்மா வாசல் படலையால் சுற்றிப் போகவில்லை. கிடுகை இரண்டு கையாலும் பிளந்துகொண்டு உள்ளே போனார். நானும் அண்ணாவும் அந்த ஓட்டையால் பார்த்தோம். பெரியம்மா பாயருகே இருந்தார். புருவத்துக்கு மேலே இரத்தம். அம்மா துவாயை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாரக்கா... நான்தான். நான்தான் பலகையை இஞ்சால சரிச்சனான். பிள்ளையளில பிழையில்லை."

"தெரியுமடி" என்றார் பெரியம்மா. "செட்டை சரியாத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா கடைசியா உன்னைத்தான் கேட்டவ. உன்ர கதிரையை வாசலுக்க போடச் சொன்னவ, நீ வாறாய் எண்டு. அதை நான் ஆரோடயடி சொல்லுறது?"

அம்மா அப்படியே மணலில் இருந்துவிட்டார். இரண்டு பேரும் சத்தம்போட்டு அழுதார்கள். ஒரு சின்னக் காயத்துக்கு இவ்வளவு அழுகையா என்று நான் பயந்துபோனேன்.

அண்ணா என் காதுக்குள், "பாத்தியோ, எனக்கு அடி விழாமல் அம்மா பழியைத் தன்ர தலையில போடுறா" என்றான். அம்மாவை நினைக்க எங்கள் இருவருக்கும் பெருமையாக இருந்தது.

மெல்ல உள்ளே போய் ரொக்கெட்டை எடுத்துவந்தோம். மூக்கு நசுங்கியிருந்தது. அண்ணா அதை நிமிர்த்தி, புதிதாக ஒரு செட்டை வெட்டி ஒட்டினான். அம்மா இல்லாததால் பலகையின் மேல் இரண்டு பக்கமும் செங்கல் வைத்தான். நான் கயிற்றை இழுத்தேன். ரொக்கெட் நேரே எழும்பி, நேரே இறங்கி, எங்கள் முற்றத்திலேயே விழுந்தது.

வேலி ஓட்டைக்கு ஓடினோம். அங்கே காகங்கள் கருவாட்டைக் கொத்திக்கொண்டிருக்க, அவற்றைக் கலைக்காமல் இருவரும் தோளோடு தோள் சாய்ந்து இருந்தார்கள்.

"அம்மா, எங்கட வளவுக்கயே விழுந்திட்டுது!" என்று கத்தினேன்.

பெரியம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு காயத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். எங்கள் வெற்றியில் அவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குப் புல்லரித்தது. அண்ணா ரொக்கெட்டை உயரத் தூக்கி, தான் புதிதாக ஒட்டிய செட்டையை அவர்களுக்குக் காட்டினான்.